நாணயத்தில் நின்ற தெய்வங்களும் அச்சில் எழுந்த படிமங்களும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால அறிஞர்க்கு உரோமப் பேரரசின் நாணயங்கள் பழமையைக் காட்டும் சிறு கண்ணாடிகளாக விளங்கின. ஒருபுறம் அரசனின் தலை. மறுபுறம் பெரும்பாலும் ஒரு தெய்வம் அல்லது தெய்வமாக உருவகிக்கப்பெற்ற ஒரு பண்பு. இடியேந்திய யூபிட்டர், தலைச்சீரா அணிந்த மினர்வா, வலக்கையில் சுக்கானும் இடக்கையில் வளக்கொம்பும் தாங்கிய நற்பேற்றுத் தெய்வமாகிய ஃபோர்ட்டூனா முதலிய உருவங்கள் பலவும் எழுத்துப் பொறிப்புகளோடு கிடைத்தன. பழஞ்சிலைகள் பல கையும் தலையும் இழந்து கிடந்தன. ஆதலின், பெயரும் உருவும் ஒருங்கே கொண்ட நாணயம், இன்ன தெய்வம் இன்ன கோலத்தது எனத் துணிதற்குச் சிறந்த சான்றாயிற்று.

எனினும், அந்நாணயங்களைத் திரட்டிவைத்துக் காணும் பேறு பெரும்பாலும் மன்னர்க்கும் செல்வர்க்குமே வாய்த்தது. அவற்றின் உருவங்களைப் பலர்க்கும் உரியனவாக்கியது அச்சுக்கலையே. மரக்கட்டையில் கோடுகளை மேடாக விட்டுச் செதுக்கினால், அதனை எழுத்துகளோடு சேர்த்தே அச்சிடலாம். செப்புத் தகட்டிலோ கோடுகள் பள்ளமாக அமையும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை மேல்வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்திப் பதிப்பர். இருமுறையிலும் உருவம் இடவலம் மாறியே பதியும். கலைஞர் இதனைக் கருதாது கண்டவாறே செதுக்கின், ஃபோர்ட்டூனாவின் சுக்கான் இடக்கைக்கு மாறிவிடும், சான்றும் பிழைபடும்.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான கியோம் டு ஷூல், பண்டை உரோமரின் சமயம் பற்றிய தம் நூலை 1556இல் வெளியிட்டார். நாணயங்களைக் காட்டும் மரச்செதுக்குப் படங்கள் அதில் நிறைந்துள்ளன. கிறித்தவராகிய அவர், தாம் வணங்காத தெய்வங்களின் வழிபாட்டையும் சான்றுகொண்டு விளக்க முற்பட்டமை நோக்கத்தக்கது. அதே ஆண்டில் வெனிசில் வின்சென்சோ கர்தாரி எழுதிய தெய்வப் படிமங்கள் பற்றிய நூல் படங்களின்றி வெளிவந்தது. 1571ஆம் ஆண்டுப் பதிப்பிலோ செப்புத்தகட்டுப் படங்கள் இடம்பெற்றன. ஓவியர்க்கு அது கையேடாயிற்று.

ஆயினும் இக்கலைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தேய்ந்த நாணயத்தில் மூக்கும் விரலும் மறைந்திருக்கும். அச்சுப்படமோ தெளிந்த கோடுகளை வேண்டும். இடைவெளியைக் கலைஞரின் கற்பனையே நிரப்பிற்று. டு ஷூலின் நூலைப் பதிப்பித்த கியோம் ரூயே, 1553இல் நாணய வடிவிலான முகப்படங்களின் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதில் ஆதிமனிதராகிய ஆதமுக்கும் அவர்தம் துணைவியார் ஹவ்வாவுக்கும்கூட வட்டத்துள் முகம் வரைந்து காட்டப்பெற்றது! அத்தகைய நாணயம் உலகில் இருந்திருக்க இயலாது என்பது வெளிப்படை.

இத்தாலியச் செதுக்குக் கலைஞர் எனியா வீக்கோ, 1555இல் வெளியிட்ட தம் நாணய ஆராய்ச்சி நூலில் போலிகளை அறியும் வழிகளையும் ஆராய்ந்தார். பழநாணயங்களைப் போலச் செய்வதில் வல்ல பதுவா நகரத்துக் கவீனோ முதலியோரின் பெயர்களையும் குறித்தார். படத்தைப் படைத்த கையே அதனை ஐயுறவும் கற்பித்தது எனலாம்.

அச்சு, தெய்வ உருவங்களைப் பரப்பியது. அவற்றோடு பிழைகளையும் பரப்பியது. கோட்டின் தெளிவு வேறு, செய்தியின் உண்மை வேறு. அச்சில் கண்டதனாலேயே ஒன்றை மெய்யெனக் கொள்ளாது மூலத்தோடு ஒப்பிட்டுத் தெளிதலே ஆய்வு நெறி என்பதை இவ்வரலாற்றால் நாம் உணரலாம்.