ஆண்டின் தொடக்கத்தில் ஓர் உடன்படிக்கை

புத்தாண்டு பிறக்கும்பொழுது தீர்மானங்களும் உடன் பிறக்கின்றன. அதிகாலையில் எழுவேன், சினத்தை அடக்குவேன், நாள்தோறும் திருமறையில் ஓர் அதிகாரம் படிப்பேன் என்று நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் எழுதாதார் நம்முள் மிகச் சிலரே. தைப்பொங்கல் வருமுன்னரே அவற்றுட் பல தளர்ந்துவிடுகின்றன. பங்குனி வெயிலில் அவை இருந்த இடமும் தெரிவதில்லை. இது மாந்தர் இயல்பு. இதனைக் கண்டு நகைப்பதிற் பயனில்லை. ஆயின், தன் விசுவாசத்தை ஆழமாக்கிக்கொள்ள விரும்பும் கிறிஸ்தவனுக்கும் இத்தகைய தீர்மானமன்றி வேறு வழி இல்லையா? உண்டு என்பதே என் துணிபு. அவ்வழியின் பெயர் உடன்படிக்கை.

மெதடிஸ்த திருச்சபையார் புத்தாண்டுத் தொடக்கத்தில், பெரும்பாலும் அதன் முதல் ஞாயிறன்று, உடன்படிக்கை ஆராதனை என்னும் வழிபாட்டை நடத்துவர். சபையார் ஒருங்கு கூடித் தம்மைக் கடவுளுக்கு மீண்டும் ஒப்புக்கொடுத்து, அதனை வாய்விட்டுச் சொல்லி, பின்னர்த் திருவிருந்திற் பங்குகொள்வர். அச்சபைக்கு வெளியே உள்ளோர் பலர் இதனை அறியார். எனினும், இதன் வரலாறு யாவரும் அறியத்தக்கது.

1755 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆந் திகதி, இலண்டனில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னுமிடத்திலிருந்த பிரெஞ்சு ஆலயத்தில் ஜோன் வெஸ்லி இவ்வழிபாட்டை நடத்தினார். ஏறத்தாழ 1,800 பேர் எழுந்துநின்று தம் சம்மதத்தைத் தெரிவித்தனர் என அவரே தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். அன்று சொல்லப்பட்ட சொற்கள் வெஸ்லியின் சொற்களல்ல. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த ரிச்சட் அலீன் என்னும் போதகரின் நூலிலிருந்து அவை எடுக்கப்பட்டன. அலீன், 1662 இல் அரசு விதித்த வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்துத் தம் ஆலயத்தையும் பதவியையும் இழந்தவர். ஊழியஞ் செய்யும் உரிமையே பறிக்கப்பட்ட ஒருவரின் உள்ளத்திலிருந்து இவ்வுடன்படிக்கை எழுந்தது என்பதை நினைவில் இருத்துவோமாக. அதன் பொருள் பின்னர் விளங்கும்.

முதல் ஆராதனை ஓகஸ்டில் நிகழ்ந்ததாயினும், காலப்போக்கில் அது ஆண்டுப் பிறப்போடு இணைந்தது. ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து மன்றாடும் வழக்கமும் அதற்குத் துணைபுரிந்தது. இவ்விழிப்பு வழிபாட்டின் கதையும் சுவையானதே. கிங்ஸ்வூட் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், முன்பு சனி இரவுகளை மதுச்சாலையிற் கழித்தவர்கள். மனந்திரும்பிய பின் அவ்விரவுகளைச் செபத்திற் கழிக்கத் தொடங்கினர். வெஸ்லி இதனைத் தடைசெய்யவில்லை. முழுநிலவை அடுத்த வெள்ளி இரவுகளுக்கு ஒழுங்குபடுத்தினார். வீடு திரும்புவோருக்கு வழியில் வெளிச்சம் வேண்டுமல்லவா? பக்தியிலும் நடைமுறை அறிவு வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி, தீர்மானத்துக்கும் உடன்படிக்கைக்கும் உள்ள வேற்றுமை யாது? தீர்மானம் என்பது ஒருவன் தன்னோடு தானே பேசிக்கொள்வது. அதில் வாக்குக் கொடுப்பவனும் அவனே, வாங்குபவனும் அவனே, மீறினால் மன்னிப்பவனும் அவனே. உடன்படிக்கையோ இருவர்க்கிடையே நிகழ்வது. அதிலும் முதலில் வாக்களிப்பவர் கடவுள். மனிதன் தளர்ந்தாலும் மற்ற முனையைப் பற்றியிருக்கும் கை தளர்வதில்லை. சீனாய் மலையடியில் இஸ்ரவேலர் உடன்படிக்கை செய்த சில நாட்களுக்குள்ளேயே பொற்கன்றை வார்த்து வணங்கினர். மோசே கற்பலகைகளை உடைத்தார். கதை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் வேறு இரண்டு பலகைகளை வெட்டிக்கொண்டு வரும்படி கடவுள் பணித்தார். ஆண்டுதோறும் உடன்படிக்கையைப் புதுப்பிப்பது, சென்ற ஆண்டு சொன்னதைக் காப்பாற்றாதவன் மீண்டும் பொய் சொல்வது ஆகாதோ என்று என் மாணவர் ஒருவர் முன்பொருமுறை வினவினார். நல்ல வினா. இரண்டாம் முறை வெட்டப்பட்ட அப்பலகைகளே அதற்கு விடை.

இவ்வழிபாட்டில் நான் நிற்குந்தோறும் என் நாக்கு சற்றே தயங்கும் இடம் ஒன்றுண்டு. இறைவன் தனக்குப் பணி தந்தாலும் சரி, பணியினின்று விலக்கிவைத்தாலும் சரி, இரண்டுக்கும் இசைகிறேன் என்று அங்கே சொல்லவேண்டும். பணி தரப்படுவதற்கு இசைவது எளிது. நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது பெருமையுங்கூட. விலக்கிவைக்கப்படுவதற்கு எங்ஙனம் இசைவது? ஓய்வுபெற்றபின் பள்ளி மணியோசை கேட்டும் எழுந்து செல்ல இடமில்லாதவன், படுக்கையிற் கிடப்பவள், பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் வெறும் வீட்டைக் காத்திருக்கும் முதியோர், போரில் ஊரையும் தொழிலையும் இழந்தோர் ஆகியோரெல்லாம் இச்சொற்களை எந்த மனத்தோடு சொல்வார்கள்?

நம் நாட்டு மெதடிஸ்த சபையின் தொடக்கமே இவ்வினாவை எழுப்புகிறது. கலாநிதி தோமஸ் கோக் என்பார், இலங்கைக்கு ஊழியரை அனுப்பவேண்டுமென்று பல்லாண்டு கனவு கண்டவர். செலவுக்குத் தம் சொந்தப் பணத்தையே தருவதாகச் சொல்லித் தயங்கிய சபையாரை இணங்கவைத்தார். 1813 டிசெம்பர் இறுதியில் இளம் ஊழியர் சிலருடன் கப்பலேறினார். 1814 ஆம் ஆண்டு அவர்களுக்குக் கடலிலேயே பிறந்தது. மே 3 ஆந் திகதி காலை, இந்துசமுத்திரத்தில், அவர் தம் அறையில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். அவருக்கு வயது 66. உடல் கடலில் அடக்கம் பெற்றது. கனவு கண்டவர் கரையைக் காணவில்லை. தலைவரை இழந்து, பணத்துக்கும் வழியறியாது பம்பாயில் இறங்கிய அவ்விளைஞருள் ஐவர், யூன் 29 இல் இலங்கையின் தென்கரையை அடைந்தனர். அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குச் சென்றார். மனைவியைக் கடற்பயணத்திலேயே பறிகொடுத்த அவர், எட்டு மாத காலம் உழைத்து, 1815 ஏப்பிரல் முதலாந் திகதி காலமானார்.

கோக்கின் வாழ்வை வீண் என்று யார் சொல்வார்? ஆயினும், அவர் விலக்கிவைக்கப்பட்டார் என்பதும் உண்மையே. பயன் என்பது நம் கைக்கணக்கில் அடங்குவதன்று. நாம் எதனைச் செய்து முடித்தோம் என்பதனால் அன்று, எவருக்கு உரியவராயிருக்கிறோம் என்பதனாலேயே நம் வாழ்வு மதிப்புப் பெறுகிறது. இதனை ஏற்பதே விசுவாசத்தின் ஆழம் என நான் கருதுகிறேன். பதவியிழந்த அலீனின் சொற்கள் இதற்காகவே இன்றும் உயிரோடிருக்கின்றன.

ஆழம் ஒரே நாளிற் கிட்டுவதுமன்று. 1742 பெப்ரவரியில் பிரிஸ்டல் நகர மெதடிஸ்தர், தம் கட்டடக் கடனைத் தீர்க்க வாரம் ஒரு பென்னி திரட்ட எண்ணினர். ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பாகி, வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றார். ஏழைகளால் எங்ஙனம் கொடுக்க முடியும் என்ற கேள்வி எழுந்தபோது, மிக வறியவர்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்களால் இயலாததைத் தாமே ஈடுசெய்வதாகவும் ஒருவர் கூறினார். பென்னி வாங்கச் சென்றவர்கள் அவ்வீடுகளின் துன்பத்தையும், நோயையும், சச்சரவையும் கண்டனர். கடன் திரட்டும் ஏற்பாடு, ஒருவரையொருவர் தாங்கும் ஏற்பாடாக மாறிற்று. ஆண்டுக்கொருமுறை ஆலயத்தில் சொல்லும் பெரிய சொல், வாரத்துக்கொருமுறை அயலான் வாசலில் எடுத்துவைக்கும் சிறிய அடியினாலேயே மெய்யாகிறது.

இயேசுநாதர் கூறிய அத்திமர உவமையை நாம் அறிவோம். மூன்றாண்டு காய்க்காத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறான் உடையவன். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். அவன் மரத்தைப் பார்த்துக் காய்க்கும்படி கட்டளையிடவில்லை. சுற்றிலுங் கொத்தி எருவிடுவதாகத் தானே பொறுப்பேற்கிறான். மண்ணைக் கொத்திக் குழை தாழ்த்துப் பழகிய நம் கமக்காரருக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. கொத்தும்பொழுது வேரும் சிறிது நோகும், எருவும் மணப்பதில்லை, பலனும் மறுநாள் தோன்றுவதில்லை. அம்மரம் பின்னர்க் காய்த்ததா என்று இயேசுநாதர் சொல்லவில்லை. கதையை முடிக்காமல் கேட்போரிடமே விட்டுவிட்டார்.

நமக்குக் கிடைத்துள்ள புதிய ஆண்டும் அத்தகைய தவணையே. ஆதலால், பெரிய தீர்மானங்களை அடுக்குவதை விடுத்து, நம்மைச் சுற்றிக் கொத்த இறைவனுக்கு இடங்கொடுப்போம். நாள்தோறும் சிறிது நேரம் மௌனமாய் இருப்போம். திருமறையைப் பொறுமையோடு பயில்வோம். விலக்கிவைக்கப்பட்டவர் எனத் தம்மை எண்ணி வருந்தும் ஒருவரின் வாசலுக்கு வாரம் ஒருமுறையேனும் செல்வோம். பணி தரப்படினும் தரப்படாவிடினும் நாம் அவருக்கு உரியவர் என்ற உறுதியோடு இவ்வாண்டைத் தொடங்குவோமாக.