தாராவியின் மாடி வீடுகள்

ஓய்வுபெற்றுச் சித்தூர்ப் பக்கம் விஜயபுரத்தில் குடியிருந்தாலும், ரயில்வே பொறியாளனாக மும்பையில் பணியாற்றிய என் மனம் தாராவியை விட்டு அகலவில்லை. மேற்கு ரயில்பாதைக்கும் மத்திய ரயில்பாதைக்கும் இடையே, மாஹிம், சயான் நிலையங்களை ஒட்டிய அந்தச் சதுப்பு நிலத்தைக் குடியிருப்பாக்கியதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்ற நம்மவர்களுக்குப் பெரும் பங்குண்டு. தோல் பதனிட்டார்கள், இட்லி அவித்து விற்றார்கள். கீழே தொழில், மேலே குடித்தனம் என்று பிழைத்தவர்கள் அநேகர்.

இன்று அந்த மாடிக்குத்தான் ஆபத்து. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 1.1.2000க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் வசிப்போருக்கோ தாராவிக்கு வெளியேதான் வீடு. அதுவும் வாடகைக்கு அல்லது தவணைக்கு.

கீழே அண்ணன், மேலே தம்பி என்றிருக்கும் குடும்பம் என்னாகும்? பட்டறைக்கு நடந்து போனவர் இனி ரயிலேற வேண்டும். காலை நேர மும்பை வண்டியில் கால் வைக்க இடம் கிடைப்பது எத்தனை அரிது என்பதை நானறிவேன். பிழைப்பும் வீடும் ஒரே இடத்தில் இருப்பதே ஏழைக்கு முதல்.

அங்கே உறவினர் உள்ள அன்பர்களே, குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றைப் பத்திரமாகச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். மராத்தியில் மனு எழுதத் தெரிந்த நம் சங்க இளைஞர்கள் வாரம் ஒரு நாள் ஒதுக்கினால், அதுவே பேருதவி.