இணைப்பின் தரத்தைச் சோதித்தல்

குமரி மாவட்டத்து மலையோரச் சங்கமொன்றுக்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். ரப்பர்ப் பால் வெட்டும் மூதாட்டி ஒருவர், சங்கத்தின் நியாயவிலைக் கடையில் இரண்டாம் நாளாக அரிசி பெறாமல் திரும்பினார். விரல்ரேகை தேய்ந்துவிட்டதென்றார் விற்பனையாளர். மூதாட்டியும் அதை நம்பி, விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றார். ஆனால் கருவியின் திரையில் தோன்றியதோ, ரேகை பொருந்தவில்லை என்பதன்று. மறுமொழி வரவில்லை என்பதே!

விற்பனையாளர் தம் கைபேசியில் இணைய வேகத்தைக் காட்டினார். விநாடிக்கு 20 மெகாபிட்; குறைவென்று சொல்வதற்கில்லை. 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிப்படி, பிராட்பேண்ட் எனப்படுவதற்கு 2 மெகாபிட்டே போதும். எனினும் ரப்பர் விவசாயிகளான அங்கத்தினர்கள் அறிவார்கள்: பாலின் எடை வேறு, அதன் டி.ஆர்.சி. வேறு. ரேகைச் செய்தி மிகச் சிறியது. அதற்கு வேண்டுவது வேகமன்று. போன செய்தி வழியில் தொலையாமலும் தாமதியாமலும் திரும்புவதே.

இதனை அறிய 'பிங்' என்னும் சோதனை உண்டு. தொலைவிலுள்ள கணினிக்குச் சிறு செய்திகளை அனுப்பி, எத்தனை திரும்பின, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று கணக்கிடுவதே அது. முற்பகல் நெரிசலில், தகரக் கூரையிட்ட கடையினுள் கைபேசி வழியாக 100 அனுப்பினோம், 81 திரும்பின. திண்ணையில் 97. அடுத்த கட்டடமான சங்க அலுவலகத்தில், வைஃபையை விலக்கிக் கம்பியை நேரே கணினியில் செருகியபோது 100-ம் திரும்பின. பின்னர் வைஃபையிலும் பார்த்தோம், 99.

கம்பியையும் காற்றலையையும் தனித்தனியே சோதிப்பது இதனாலேயே அவசியம். கம்பியிலேயே குறையிருப்பின் நிறுவனத்தாரிடம் முறையிட வேண்டும். கம்பி நன்றாயிருந்து வைஃபை தடுமாறினால், பெரும்பாலும் குறை நம் அறைக்குள்ளேயே இருக்கும். நெரிசலில்லாத இரவில் ஒருமுறை பார்த்து 'நன்று' என எழுதுவதில் பயனில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் இவ்விரு வகைக்கும் ஒரே தர விதிமுறையை வகுத்தது. அது அக்டோபர் 1 முதல் அமலாயிற்று. ஒரு மாவட்டத்தில் சேவை பெருமளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், கட்டணக் கழிவோ செல்லுபடிக்கால நீட்டிப்போ தரவேண்டும் என்கிறது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது இந்த ஏற்பாடு இல்லை. ஆனால் ஒரு கடையின் தடுமாற்றம் இதில் அடங்காது. நாள், நேரம், இடம், திரும்பிய எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, 198-க்குப் புகார் செய்து, புகார் எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். சங்கங்களில் பதிவேடுகளுக்குக் குறைவில்லைதான், இன்னொன்றும் இருக்கட்டும்!

கடைக் கருவியை அலுவலக வைஃபையோடு இணைத்தபின் மூதாட்டியை அழைத்தோம். அதே விரலை வைத்தார். அரிசி பெற்றுச் சென்றார்.