குடோன் வாசலில் ஒரு வணக்கம்

எங்கள் ஊரில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றுவார். நவி மும்பைக்குக் கொண்டு போவார். திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றி வருவார். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் வாழ்க்கை. ஊரில் இருக்கும் நாளில் எங்கள் கற்றல் மையத்துக்கு வருவார்.

ஒரு நாள் மாலை, தனக்கு நடந்த ஒன்றை அவர் எங்களுக்குச் சொன்னார். அது எல்லோருக்கும் பயன்படும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோபத்தின் விலை

அன்று அவர் மூன்று நாள் வண்டி ஓட்டிப் போயிருந்தார். சரியான தூக்கம் இல்லை. காலை 6 மணிக்கு ஒரு குடோன் வாசலில் நின்றார். முன்னால் நீண்ட வரிசை. மதியம் ஆனது. வரிசை நகரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒதுங்க இடம் இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வாசலில் இருந்த குமாஸ்தாவிடம் கத்தினார். குமாஸ்தாவும் கத்தினார். சுமை தூக்குவோரையும் இவர் திட்டினார். இரவு 9 மணிக்குத்தான் இவர் முறை வந்தது. "எப்படியோ இறக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ரசீதை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ரசீதில் "2 மூட்டை நனைந்துள்ளது" என்று எழுதியிருந்தது. அந்தப் பணத்தை முதலாளி இவர் கணக்கில் பிடித்துக்கொண்டார். மூட்டை எங்கே நனைந்தது? வண்டியிலா, குடோனிலா? இவருக்குத் தெரியாது. இறக்கும்போது இவர் அங்கே இல்லையே!

"கோபமும் எனக்கு, நஷ்டமும் எனக்கு, தம்பி" என்றார்.

எதிரில் இருப்பவர் யார்?

குடோன் வாசலில் நாம் பார்ப்பவர்கள் யார்? காவலாளி, குமாஸ்தா, சுமை தூக்குவோர். இவர்களில் யாரும் குடோன் முதலாளி இல்லை. வரிசை நீண்டதற்கு இவர்கள் காரணமும் இல்லை. ஒரே நாளில் எல்லா வண்டியையும் வரச் சொன்னவர்கள் வேறு எங்கோ அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

சுமை தூக்குவோரை நினைத்துப் பாருங்கள். ஒரு மூட்டை 50 கிலோ. ஒரு லாரியில் 300 மூட்டை. மொத்தம் 15,000 கிலோ. அதாவது 15 டன். 6 பேர் இறக்கினால் ஒருவர் பங்கு 2,500 கிலோ. இது ஒரு வண்டிக்கு மட்டும். அடுத்த வண்டி பின்னால் நிற்கிறது.

மகாராஷ்டிரத்தில் இவர்களை மாத்தாடி என்பார்கள். 'மாத்தா' என்றால் தலை. தலையில் சுமை தூக்குபவர் மாத்தாடி. இவர்களுக்காக அங்கே 1969-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. கேரளத்திலும் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. அவர்களும் நம்மைப் போல உழைப்பவர்கள்தான்.

குமாஸ்தாவின் பாடு வேறு. மூட்டைக் கணக்கு தவறினால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஒருவரை முந்த விட்டால் வரிசையில் உள்ள அத்தனை பேரும் சண்டைக்கு வருவார்கள்.

மறுமுறை நடந்தது

இரண்டு மாதம் கழித்து அண்ணன் அதே குடோனுக்குப் போனார். அதே குமாஸ்தா. அன்றும் முன்னால் 14 வண்டி நின்றது.

இந்த முறை அவர் இறங்கிப் போய், "நமஸ்தே, பாவூ" என்றார். மராத்தியில் 'பாவூ' என்றால் அண்ணன், தம்பி. காகிதங்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். "என் முறை எப்போது வரும்?" என்று அரைகுறை இந்தியில் கேட்டார். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "இன்று ஆள் குறைவு. மாலை 5 மணி ஆகும். போய்த் தூங்கு" என்றார்.

வரிசை குறையவில்லை. காத்திருந்த நேரமும் பெரிதாகக் குறையவில்லை. பிறகு என்ன லாபம்? எப்போது முறை வரும் என்று தெரிந்தது. அதனால் நான்கு மணி நேரம் தூங்கினார். வண்டி வந்த நேரத்தை ரசீதில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டி முதலாளியிடம் காத்திருந்ததற்கான ஹால்டிங் பணம் கேட்க முடிந்தது. இறக்கும்போது பக்கத்தில் நின்று மூட்டைகளை எண்ணினார். ஒரு மூட்டை கிழிந்திருந்தது. எடை போட்டார்கள். "1 மூட்டை கிழிந்துள்ளது, எடை சரி" என்று எழுதினார்கள். ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லை.

என்ன செய்யலாம்?

அண்ணன் சொன்னதையும், மற்ற ஓட்டுநர்களிடம் கேட்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

1. போனதும் வணக்கம் சொல்லுங்கள். இந்தியில் 'பாய்', கேரளத்தில் 'சேட்டா', ஆந்திரத்தில் 'அன்னா', வங்காளத்தில் 'தாதா'. பெண்கள் வேலை செய்தால் இந்தியிலும் வங்காளத்திலும் 'தீதி' என்றால் அக்கா. ஒரு சொல் போதும்.

2. காகிதங்களைத் தயாராக வையுங்கள். லாரி ரசீது முக்கியம். எல்.ஆர். என்பதும் அதுதான். வடக்கே 'பில்டி' என்பார்கள். சரக்கின் பில்லும் வேண்டும். ரூ.50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் ஈ-வே பில்லும் வேண்டும். இது 2018 முதல் உள்ள விதி.

3. ஈ-வே பில்லுக்குக் காலக்கெடு உண்டு. சாதாரண லாரிக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள். 1,200 கி.மீ. என்றால் 6 நாள். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த 8 மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். வழியில் தாமதமானால் உடனே உங்கள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குடோன் வாசலில் போய்ச் சண்டை போட்டால் தேதி நீளாது.

4. இறக்கும்போது எஞ்சினை அணையுங்கள். கை பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். "எல்லோரும் இறங்கிவிட்டோம்" என்று சொல்லும்வரை வண்டியை அசைக்காதீர்கள். மேலே நிற்பவர் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

5. தார்ப்பாயையும் கயிற்றையும் நீங்களே அவிழ்த்து வையுங்கள். அவர்கள் வேலை சுலபமாகும்.

6. ரசீதைப் படியுங்கள். புரியாத மொழி என்றால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பணிவு என்றால் பயமா?

எங்கள் மையத்தில் ஒருவர் கேட்டார். "அப்படியானால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா?"

வேண்டாம். தவறாக எழுதினால் "இது சரியில்லை, திருத்துங்கள்" என்று கேளுங்கள். திருத்தவில்லை என்றால் உங்கள் கருத்தையும் ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதலாளிக்குப் போனில் சொல்லுங்கள். செய்யாத வேலைக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். கேரளத்தில் தூக்காத சுமைக்கு வாங்கிய 'நோக்குக்கூலி'யை 2018-இல் அரசு தடை செய்தது. குரலை உயர்த்தாமலே உரிமையைக் கேட்கலாம். சொல் அமைதியாக இருந்தால்தான் எதிரில் இருப்பவர் காதில் விஷயம் விழும்.

மரியாதை ஒருவழிப் பாதையும் அல்ல. தொலைவிலிருந்து வரும் ஓட்டுநருக்குக் குடிநீர், கழிப்பறை, நிழல் தர வேண்டியது குடோன் நடத்துபவர் கடமை. இதை ஓட்டுநர் தனியாகக் கத்திக் கேட்டால் கிடைக்காது. சங்கம் மூலம் சேர்ந்து கேட்க வேண்டும். அப்போது குமாஸ்தாவும் சுமை தூக்குவோரும்கூட நம் பக்கம் பேசுவார்கள். தண்ணீர் அவர்களுக்கும்தானே வேண்டும்!

அண்ணன் இப்போது ரசீதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். எண்களை நன்றாகவே படிக்கிறார். சென்ற வாரம் மையத்துக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். "வந்த நேரம் காலை 7.20. பாருங்கள் தம்பி, இதை நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

கலந்து பேசுங்கள்

1. முதல் முறை அண்ணனுக்கு நஷ்டம் வந்தது ஏன்?
2. உங்கள் வேலை இடத்தில் மற்றவர் தவறுக்காக யாரையாவது திட்டியது உண்டா? அதனால் என்ன ஆனது?
3. உங்கள் பகுதிக் குடோனில் ஓட்டுநர்களுக்குத் தண்ணீர் வசதி இருக்கிறதா?