வரிப்படிவத்தில் ஒரு கட்டம்

ஸ்காபரோவில் வருமானவரிப் படிவம் நிரப்புவது என் தொழில். படிவத்தில் திருமண நிலையைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. உறவு முறிந்து 90 நாட்கள் தனித்தனியே வாழ்ந்தால் 'பிரிந்து வாழ்பவர்' என்று குறிக்க வேண்டும். அந்த இடத்தில் சிலர் மௌனமாகிவிடுவார்கள். பிறகு, "அண்ணை, இது வெளியிலை தெரியவராதுதானே?" என்பார்கள்.

கட்டத்தை நிரப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது ஆய்வாளர்களின் வேலை. ரொறன்ரோத் தமிழரின் மனநலம் பற்றி மருத்துவர் மோர்ட்டன் பைசரும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஆய்வில் பங்குபற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் போர், தாக்குதல் போன்ற கொடுமைகளைச் சந்தித்தவர்கள். நூற்றுக்கு 12 பேருக்கு அந்த மனவடு நோயாகவே மாறியிருந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் பத்தில் ஒருவர்தான்.

மற்ற ஒன்பது பேரின் வலி எங்கே போனது? நித்திரையில்லாத இரவுகளாக, காரணமில்லாத கோபமாக, அது மனைவி பிள்ளைகளிடம்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளோ, "அப்பா ஏன் இப்படி?" என்று விளங்காமலே வளர்கிறார்கள்.

ஒன்ராறியோவில் 211 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குடும்ப ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பதிவுபெற்ற சமூகப் பணியாளர்கள், பிள்ளைக்கோ உயிருக்கோ ஆபத்து போன்ற நிலைகளைத் தவிர, நீங்கள் சொல்வதை இரகசியமாகவே வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள்.

கணக்கை மறைத்தால் கடன் குறையாது, வட்டிதான் ஏறும். மானம் போய்விடும் என்று பயந்து இன்னொரு தலைமுறையையும் அதைக் கட்டவைக்க வேண்டாம்.