ஜாலிக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர்

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். குளியலறையைப் புதுப்பித்து எட்டு மாதம் ஆகிறது. கடல்நீல டைல்ஸ், குளிக்கும் இடத்தைத் தனியாகப் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு, ஜன்னலோரம் மணிபிளான்ட், மூலையில் ஒரு கிண்ணம் கல் உப்பு. வீட்டில் இணக்கம் பெருக என்னவெல்லாம் வேண்டும் என்று படித்தாரோ அத்தனையும் செய்துவிட்டார். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை. சரியாகக் கழுவுவதில்லை என்கிறார் மாமியார். எனக்கு எந்த வாடையும் வரவில்லையே என்கிறார் கணவர். உப்புக் கிண்ணம் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீராகிவிடுகிறது. கெட்ட சக்தியை அது இழுக்கிறது என்கிறார்கள், உண்மையா என்பது அவர் கேள்வி.

உப்பு இழுப்பது ஈரத்தை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை வாங்கி, அதில் தானே கரையத் தொடங்கும். குளித்து முடித்த அறையில் 75 சதவீதம் சர்வசாதாரணம். சமையலறை அலமாரியில் வைத்தாலும் மழைக்காலத்தில் இதே உப்பு கசியும். ஆகவே அந்தக் கிண்ணம் ஒரு ஈரமானி. அதற்கு மேல் அதன் மீது எதையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கையின் வேர் 1989-ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. சிறிய மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை அது. அதையும் அதன் வழியில் வந்த பிற சோதனைகளையும் 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் சாதாரணமாக வந்து போகும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 1000 செடிகள் வேண்டியிருக்கும் என்றது கணக்கு. மணிபிளான்ட் கண்ணுக்கு அழகு. அந்த அழகுக்காகவே அதை வைக்கலாம். நிறம் மனத்தை அமைதிப்படுத்தும் என்பதற்கும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், சிறிய அறை பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான்.

அவர் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கண்ணாடித் தடுப்பு. இப்போது புதுப்பிக்கும் குளியலறைகள் பலவற்றில் இந்த யோசனை வந்துவிடுகிறது: குளிக்கும் பக்கம் ஈரப் பகுதி, வாஷ் பேசினும் க்ளோசெட்டும் இருக்கும் பக்கம் உலர் பகுதி. பார்க்க நன்றாக இருக்கிறது, வழுக்கி விழும் பயமும் குறைகிறது. ஆனால் உலர் பகுதியின் தரையிலும் தண்ணீர் வடிய ஒரு ஜாலி இருக்குமே, அதற்கு என்ன ஆகிறது?

ஜாலிக்குக் கீழே இருப்பதைப் பிளம்பர்கள் நானி ட்ராப் என்பார்கள். அதற்குள் எப்போதும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர், அதாவது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். நம் வீட்டையும் செப்டிக் டேங்க்கையும், தெருச் சாக்கடையையும் பிரித்து வைத்திருப்பது சுவர் அல்ல, கதவு அல்ல, வால்வும் அல்ல. சுண்டுவிரல் நீளத்துக்கு நிற்கும் இந்தத் தண்ணீர்தான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. குழாயை வளைத்தார்கள், வளைவின் பள்ளத்தில் தண்ணீர் தங்கியது. மேலிருந்து புதுத் தண்ணீர் விழுந்தால் பழைய தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்து போகும், புதியது அதன் இடத்தில் நிற்கும். ஒவ்வொரு முறை கழுவும்போதும் காவல் மாறுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. துருப்பிடிக்க ஏதுமில்லை, மின்சாரம் வேண்டாம். கழிவு போகலாம், காற்று வர முடியாது.

அந்தக் காலத்து வீட்டுத் திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பாரே, அதுபோல. வீட்டிலிருந்து வெளியே போகிறவர்களை அவர் தடுப்பதில்லை. தெருவிலிருந்து முகம் தெரியாதவர் ஏறினால் விடமாட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்கு ஒரு வாய் காபி. அது வராவிட்டால் நாளாக ஆக மெலிந்து, ஒருநாள் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார். அதுதான் ஆவியாதல். தெருவில் தேர் ஓடினால் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போய்விடுவார். இதற்கும் ஒரு இயற்பியல் இருக்கிறது.

மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்கிறார். செங்குத்துக் குழாயில் தண்ணீர் கட்டியாகத் திரண்டு, சிரிஞ்சுக்குள் இருக்கும் பிஸ்டன் மாதிரி இறங்குகிறது. தனக்கு முன்னால் இருக்கும் காற்றை அது தள்ளுகிறது, பின்னால் இருப்பதை இழுக்கிறது. அந்த இழுப்பு வழியில் உள்ள ஒவ்வொரு ட்ராப்பையும் தொட்டுவிட்டுப் போகும். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அது 200-ல் ஒரு பங்குதான். இளநீரை 20 சென்டிமீட்டர் ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறோமே, அதற்கு இதைப்போல நான்கு மடங்கு இழுப்பு வேண்டும். குழந்தையின் வாயால் முடிகிற காரியம், விழுந்துகொண்டிருக்கும் தண்ணீருக்கு முடியாதா? தரை ஜாலியில் 'குளுக்' என்று ஒரு சத்தம் கேட்டால், உங்கள் ட்ராப்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை யாரோ உறிஞ்சிவிட்டார்கள் என்று பொருள்.

இதைத் தடுக்கத்தான் வென்ட் பைப். மொட்டை மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் குழாய் வாடையை மேலே விடுவதோடு, விழும் தண்ணீருக்குப் பின்னால் காற்றையும் கொடுக்கிறது. காற்று அங்கிருந்து தாராளமாகக் கிடைத்தால் ட்ராப்பிலிருந்து இழுக்க வேண்டியிருக்காது. தேரைத் தாத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்த மாதிரி. மாடித்தோட்டம் போடும்போது அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் குழாயை அறுத்து மூடிவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மூடாதீர்கள். கொசு வராமல் வலை கட்டுங்கள், அது போதும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், எஸ் வடிவில் வளைந்த குழாயோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே ஜான் ஹாரிங்டன் என்பவர் ஃப்ளஷ் செய்யும் கழிப்பறையை அமைத்திருந்தார்; அதில் இந்த வளைவு இல்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் திணறிய பிறகுதான் லண்டனுக்குப் பெரிய பாதாளச் சாக்கடைகள் வந்தன. வளைவு அப்படியே இருக்கிறது. 250 ஆண்டுகளில் அதைவிட மேலான ஒன்றை யாரும் கொண்டுவரவில்லை.

மறுபடியும் அந்த உலர் பகுதிக்கு வருவோம். அங்கே யாரும் குளிப்பதில்லை. தரையை மாப் போட்டுத் துடைக்கிறார்கள். ஜாலிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போவதில்லை. நம் ஊர் வெயிலில், அதிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் அறையில், ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பிறகு அது வெறும் ஓட்டை. அந்த நிலையில் ஃபேனைப் போடுவது இன்னும் கெடுதல். கதவு மூடியிருக்கும், ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். அது சாக்கடைக் குழாயிலிருந்து வரும். ட்ராப்பில் தண்ணீர் இருந்தால் ஃபேனின் இழுப்பால் அதை வெளியே இழுத்துவிட முடியாது. வற்றியிருந்தால் வழி திறந்து கிடக்கிறது.

இது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல என்பதை 2003 மார்ச்சில் ஹாங்காங் கற்றுக்கொண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. வயிற்றுப்போக்கோடு அங்கே வந்த ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கியது அது. சுகாதாரத் துறை ஆராய்ந்தபோது கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று: பல வீடுகளில் குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் தரை ட்ராப்புகள் வறண்டுபோயிருந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன்கள் குழாயிலிருந்த நுண்துளிகளை வீட்டுக்குள் இழுத்தன. அந்தக் குடியிருப்பில் மட்டும் 42 பேர் இறந்தார்கள்.

எனக்கும் இந்தப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். பூட்டைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று இரண்டு நாள் பரணையெல்லாம் இறக்கித் தேடினோம். மூன்றாம் நாள் வந்த பிளம்பர் எதையும் தேடவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஜாலியை நெம்பி எடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். கோடையில் குளத்தங்கரைப் படிகளில் தெரியுமே, அப்படி வட்ட வட்டமாகச் சோப்புக் கறை. தண்ணீர் ஒவ்வொரு மட்டமாக இறங்கிப்போன தடம். அடியில் ஒரு சுருள் தலைமுடி காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். "தண்ணி நின்னாத்தான் சார் இது ட்ராப்பு" என்றார். கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தோம், வாடை போய்விட்டது.

சில ட்ராப்புகளில் ஜாலிக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று பொருத்தியிருப்பார்கள். அதன் விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருப்பதால்தான் அடைப்பு கிடைக்கிறது. முடி சிக்கித் தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தண்ணீர் வேகமாகப் போகும். அதே வேகத்தில் வாடையும் கரப்பானும் ஏறி வரும். கிண்ணத்தைக் கழுவித் திரும்ப வையுங்கள்.

வாடை வரவில்லை என்று சொன்ன கணவர் பொய் சொல்லவில்லை. சாக்கடை வாடையில் முக்கியமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றில் 100 கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே காற்றில் சில நிமிடம் இருந்தால் மூக்கு பழகிவிடும். இரவெல்லாம் மூடிக் கிடந்த அறையைக் காலையில் முதலில் திறப்பவருக்குத்தான் முழு வாடையும் அடிக்கும். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள இதில் எதுவுமே இல்லை. எவ்வளவு கழுவினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுவுகிற தண்ணீர் இந்தப் பக்கத்து ஜாலிக்கு வராது.

பழகிவிடும் இந்த மூக்கு ஆபத்தாகும் இடமும் உண்டு. பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கினால் மூக்கு மரத்தே போய்விடும். வாடை நின்றுவிட்டது, வாயு இல்லை என்று தோன்றும். செப்டிக் டேங்க்குக்குள் இறங்கியவர்கள் செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதரைப் பாதுகாப்பில்லாமல் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாடை எவ்வளவு தொல்லை தந்தாலும், எவ்வளவு காசுக்குச் சம்மதித்தாலும், யாரையும் இறக்காதீர்கள்.

வாடையை மறைக்க வாசனைத் திரவமும் கற்பூரமும் வைப்பதில் பயனில்லை. வாயு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும், கூடவே இன்னொரு மணம் சேரும். வாஷ் பேசினில் பாச்சை உருண்டை போடும் வழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். அந்த உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு அது ரத்த சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்து ஜாலிக்கு மேல் தொங்கவிடுங்கள். கீற்று மேல்நோக்கிப் படபடத்தால் கீழே தண்ணீர் இல்லை. நெருப்புக்குச்சியும் ஊதுபத்தியும் வேண்டாம், சாக்கடை வாயுவில் எரியக்கூடிய மீத்தேனும் உண்டு.

அந்த வாசகிக்கு எழுதிய பதில் இதுதான்: டைல்ஸ் இருக்கட்டும், செடி இருக்கட்டும். உலர் பகுதி ஜாலியில் வாரம் ஒருமுறை ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். புதிதாகக் குளியலறை கட்டுகிறவர்கள், வாஷ் பேசின் கழிவை அந்தத் தரை ட்ராப்பின் வழியாகவே விடும்படி பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை கழுவும் தண்ணீரே அதை நிரப்பிக்கொள்ளும். ஊருக்குக் கிளம்பும் நாளில் கேஸை மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு, வீட்டில் உள்ள ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கப்போகும் வீடென்றால் அதன் மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய். ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுப்பதுபோல இது ஆவியாவதைத் தடுக்கும்.