புதினமும் கேட்போரும்

சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனை நன்னூலார் எண்ணிக் காட்டுகிறார். இவற்றுள் கேட்போரும் ஒன்றாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. நூல் ஆக்குவோனால் மட்டும் நிறைவுறுவதன்று. ஏற்றுப் போற்றுவோரையும் அது வேண்டிநிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சின் துணையால் தோன்றிய புதினத்தை ஆராய்ந்தோர் அதன் ஆக்கியோனை ஆராய்ந்துள்ளனர். வழியையும் நுதலிய பொருளையும் ஆராய்ந்துள்ளனர். கேட்போரைப் பற்றிய ஆராய்ச்சியோ மிகக் குறைவு. புதினத்தை நேசித்துப் படித்து, ஆசிரியர்க்கு நன்றி பாராட்டிய அக்கேட்போர் விட்டுச் சென்ற சான்றுகள் எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னையின் தென்புறத்தே பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த பகுதியிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம்.

முற்காலத்தில் நன்றி கூறியவர் புலவர். நன்றிக்கு உரியவர் புரவலர். கம்பர் தம்மைப் பேணிய சடையப்ப வள்ளலைத் தம் காப்பியத்துள் பாராட்டியமை யாவரும் அறிந்ததே. புதினத்திற்கோ தனியொரு புரவலர் இல்லை. விலை கொடுத்து வாங்கும் பல்லாயிரவரே அதன் புரவலர். ஆயினும் அவர்கள் தம்மைப் புரவலராகக் கருதவில்லை. தாமே கடன்பட்டவராகக் கருதினர். புலவர் நன்றி கூறிய நிலை மாறி, புரப்போரே நன்றி கூறும் நிலை புதினத்தால் தோன்றிற்று.

தமிழ்ப் புதினத்தின் முதல் ஆசிரியர்களுள் சிலர் இத்தகைய கேட்போராயிருந்து ஆசிரியராயினோர் ஆவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் சிறந்து விளங்கிய ராஜம் ஐயர் (1872-1898), அ. மாதவையா (1872-1925) ஆகிய இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். மதிவாணன் என்னும் புதினத்தை இயற்றிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அக்கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர். அந்நாளில் நகரின் நடுவே இருந்த அக்கல்லூரி, 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. ஆங்கிலக் கல்வியின் வழியே புதினத்தைச் சுவைத்த இவர்கள், பெற்ற இன்பத்தைத் தம்மளவில் நிறுத்தாமல் தம் மொழிக்கும் அத்தகையது வேண்டும் எனக் கருதினர். கமலாம்பாள் சரித்திரமும் பத்மாவதி சரித்திரமும் ஒருவகையில் வாசகர் செலுத்திய நன்றிக்கடன்களே எனல் பொருந்தும்.

இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கவர் மறைமலையடிகள் (1876-1950). அடிகள் 1898ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1911இல் அப்பணியை விடுத்துப் பல்லாவரத்தில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். தனித்தமிழ்க் கொள்கையின் தலைவராகவும் சைவப் பெரியாராகவும் நாம் போற்றும் அடிகள், ஆங்கிலப் புதினங்களையும் ஆர்வத்தோடு கற்றவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரது குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி, ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் லீலா என்னும் கதையைத் தழுவியது. 1921இல் வெளிவந்த கோகிலாம்பாள் கடிதங்கள், கடிதங்களாலேயே கதையை நடத்திச் செல்லும் அமைப்புடையது. இவ்வமைப்பு ரிச்சர்ட்சன் 1740இல் வெளியிட்ட பமீலாவால் ஆங்கிலத்தில் பெரும்புகழ் பெற்றது. கற்றறிந்த ஒருவர் பெருமக்கள் விரும்பிப் படித்த கதையொன்றை எடுத்துச் செந்தமிழில் அமைக்க முற்பட்டாரெனின், அக்கதை அவருக்கு அளித்த இன்பம் சிறிதன்று என்பது தெளிவு. அடிகள் தொகுத்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் நிறுவப்பட்டது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் காலத்தில் ஆங்கிலக் கதைகள் பல தமிழுடை புனைந்து வந்தன. ஷெர்லாக் ஓம்ஸ் ஆரணியார் கையில் ஆனந்தசிங் ஆனார். அத்தகைய தழுவல்களுள் பல, மூலத்தின் பெயரைக் கூறாமலே வெளிவந்தன. அவை தமிழ்மக்களிடையே படிக்கும் வழக்கத்தைப் பரப்பின; அது மறுக்கவியலாத பயனாகும். எனினும் வழிநூல் செய்வோன் தன் வழியைக் கூறுதல் நம் மரபு. கதையை நேசித்துப் படைத்தவன் பெயரை மறைப்பது அன்பாகலாம், நன்றியாகாது. யாரிடம் பெற்றோம் என்பதை வாய்விட்டுக் கூறும்போதே நன்றி நிறைவு பெறுகிறது.

புதினம் பொழுதுபோக்கிற்குரியது, அதற்கு நன்றி எதற்கு என்பார் உளர். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு விடை கூறியிருக்கிறார். உதவியின் அளவு செய்த உதவியைப் பொறுத்ததன்று, பெற்றவரின் சால்பைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. ஆகவே ஒரு புதினத்தின் பயனை அளக்க விரும்புவோர் அதன் பக்கங்களை மட்டும் நோக்குதல் போதாது. அதனைப் பெற்றவர் அதை என்ன செய்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பெற்றவர் செய்தவற்றுள் மூன்றை இங்குக் குறிப்போம். முதலாவது, கட்டுதல். கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேகசிந்தாமணியில் தொடராக வந்த காலந்தொட்டே தமிழ்ப் புதினம் இதழோடு பிணைந்தது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியபின், நாள்தோறும் நகருக்குச் சென்று மீள்வோர் வாழும் ஊர்கள் இப்பகுதியில் பெருகின. பயண நேரம் படிக்கும் நேரமுமாயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தபோது, வாசகர் பலர் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, அட்டையிட்டுக் கட்டி வைத்தனர். இரண்டாவது, பெயரிடுதல். குந்தவை, வானதி, பூங்குழலி எனத் தம் பெண்மக்கட்குப் பெயர் சூட்டினர். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் வெளிவந்தபின் அரவிந்தன், பூரணி என்னும் பெயர்கள் பல இல்லங்களில் ஒலித்தன. மூன்றாவது, தொகுத்தல். கோட்டையூர் ரோஜா முத்தையா (1907-1992) வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஓரிலட்சம். அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நூலகம், பின்னர்த் தரமணிக்கு மாற்றப்பட்டது. முதற்பதிப்புப் புதினங்களைத் தேடுவோர் இன்று முதலில் நாடுவது அதனையே.

இம்மூன்றனுள் விரைந்து அழிந்துவருவது முதலாவதாகும். நூலகத்துப் பதிப்பு இருக்க, வாசகர் கட்டிவைத்த தொகுதி எதற்கு எனக் கேட்கலாம். புதினம் எவ்விடத்தில் வாரந்தோறும் நிறுத்தப்பட்டது, மணியத்தின் ஓவியம் எந்நிகழ்ச்சிக்கு எழுதப்பட்டது, அதன் பக்கத்தில் எவ்விளம்பரம் இருந்தது, படித்தவர் ஓரத்தில் என்ன எழுதினார் என்பனவற்றை நூற்பதிப்பு நமக்குக் கூறுவதில்லை. ஆசிரியர் பதிப்புதோறும் செய்த மாற்றங்களை ஒப்புநோக்கவும் முதல் வடிவம் வேண்டும். பழைய தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது, இத்தொகுதிகள் நிறைக்கு விற்கப்படுகின்றன. ஒரு தொகுதி பழந்தாள் கடைக்குச் செல்லும்போது, பெயரறியா வாசகர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செலுத்திய நன்றியும், ஆராய்ச்சியாளர்க்குரிய சான்றும் ஒருங்கே மறைகின்றன.

ஆகவே முதுகலை மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரையுள்ள ஊர்களில் மூத்தோர் இல்லங்களை அணுகி, இத்தகைய தொகுதி ஒவ்வொன்றற்கும் இதழின் பெயர், ஆண்டு, விடுபட்ட வாரங்கள், ஓரக்குறிப்புகள், கைமாறிய வரலாறு ஆகிய ஐந்தனையும் பதிவு செய்யலாம். உரியவர் இசைந்தால் படியெடுத்து நூலகத்தில் சேர்க்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் மரியாதையும் போதும். தமிழ்ப் புதினத்தின் பாயிரத்தில் எழுதப்படாது நிற்கும் கேட்போர் என்னும் பகுதி அவ்வாறே எழுதப்படல் வேண்டும்.